ஒற்றைக் கொக்கி

சட்டக் கல்லூரியில் அவளுக்கு இன்ஜினியரம்மா என்று பெயர். கடைத்தெருவில் வக்கீலம்மா. எந்த இடத்தில் எது இல்லையோ அந்தப் பெயர்தான் ஆளோடு ஒட்டிக்கொள்ளும் போலிருக்கிறது. மாமியார் மட்டும் இரண்டையும் தொடாமல் "படிக்கிற பிள்ளை" என்பாள். நாற்பதை எட்டிப் பார்க்கிற வயதில் கிடைத்த அந்தப் பட்டத்தில் பாசம் எவ்வளவு, குத்தல் எவ்வளவு என்று அவளால் பிரித்து அளக்க முடிந்ததில்லை. அளக்க முடியாத எதுவும் அவளுக்கு ஆகாது.

அளந்தே பழகியவள். லிஃப்ட் செய்கிற கம்பெனியில் வடிவமைப்புப் பிரிவில் பல வருஷம் இருந்தாள். கயிறு அறுந்தாலும் கூண்டு விழக் கூடாது என்பது ஒன்றுதான் அங்கே வேலை. அவள் கணவருக்கு ஷட்டர் வேலை. கடைகளின் வாசலில் சுருண்டு ஏறி உருண்டு இறங்குகிற இரும்புக் கதவுகளை மாட்டுவார், பழுது பார்ப்பார். மேலே வீடு, கீழே பட்டறை. அந்தக் கதவுகளைத் தூக்கிப் பிடிப்பது உள்ளே சுருட்டி வைத்திருக்கும் ஸ்பிரிங். அது ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் உடையும். உடைந்தால் கதவு மொத்தமும் தலைக்கு மேலிருந்து இறங்கும். கணவரின் இடது சுண்டுவிரல் கேள்விக்குறி போல வளைந்திருப்பது அப்படி இறங்கிய ஒரு கதவின் கைங்கரியம்.

அந்த விரலைப் பார்த்துப் பார்த்துத்தான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. லிஃப்டில் இருக்கிற பாதுகாப்பைச் சுருக்கி, உள்ளங்கை அளவுக்கு ஓர் உருண்டைப் பெட்டியில் அடக்கினாள். கதவின் அச்சில் அதை மாட்டிவிட்டால், மெதுவாகச் சுற்றும்வரை உள்ளே இருக்கிற இரண்டு கொக்கிகளும் படுத்திருக்கும். கதவு பிய்த்துக்கொண்டு இறங்கினால் இரண்டும் விரிந்து பெட்டியின் பல்லைக் கவ்வும். "டக்" என்று ஒரு சத்தம். கதவு அந்தரத்தில் நின்றுவிடும். தெருவில் அதற்கு டக்குப்பெட்டி என்றே பெயர் விழுந்தது. அதற்குக் காப்புரிமையும் வாங்கினார்கள். விண்ணப்பத்தை எழுத ஆள் வைக்கலாம் என்று கணவர் சொன்னபோது, "பெத்தவளுக்குத் தெரியாத அங்க அடையாளமா?" என்று அவளே உட்கார்ந்து எழுதினாள். அந்த எழுத்து ருசியில்தான் வேலையை விட்டுவிட்டு அறிவுசார் சொத்துச் சட்டம் படிக்கச் சேர்ந்தாள். சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் பட்டறைச் சுவரில், முதலுதவிப் பெட்டிக்கும் காலண்டருக்கும் நடுவே தொங்கியது.

அன்று காலை பிடித்த மழை சாயங்காலம்வரை விடவில்லை. மழைக்காலத்தில் இரும்பு வியர்க்கும். கணவர் தகடுகளைத் துடைத்து எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். மாமியார் கடைக்குப் போய் வந்து, குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு, பையிலிருந்து முட்டை, வெங்காயம், சோப்பு என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். கடைசியில் அடியிலிருந்து ஓர் உருண்டைப் பெட்டியை எடுத்து மகன் முன்னால் வைத்தாள்.

"இது என்னன்னு பாரு."

"நம்ம பெட்டிதானே. இதை எதுக்கும்மா தூக்கிட்டு அலையறீங்க?"

"நம்மது இல்ல. முக்கு இரும்புக்கடையில விக்கிறான். கல்லாவுக்குப் பக்கத்துலயே அடுக்கி வச்சிருக்கான். பேரம் பேசி வாங்கிட்டு வந்தேன்."

"திருட்டுச் சாமானைப் பேரம் பேசியா வாங்கினீங்க?"

"திருட்டுச் சாமானைச் சொன்ன விலைக்கா வாங்குவாங்க?"

கணவர் திருப்புளியை எடுத்து மூடியைக் கழற்றினார். அவள் கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள், பையைத் தோளில் மாட்டியபடியே குனிந்து பார்த்தாள். உள்ளே சக்கரம் இருந்தது. ஸ்பிரிங் இருந்தது. கொக்கி ஒன்றுதான் இருந்தது.

அவளுக்குக் கோபம் வந்த வரிசைதான் வேடிக்கை. திருடிவிட்டானே என்பது இரண்டாவதாகத்தான் வந்தது. "ஒத்தக் கொக்கி வச்சிருக்கானே, படுபாவி" என்பதுதான் முதலில்.

"ஒரு பக்கமா இழுக்குமே. அச்சு ஓட்டை நாளாக நாளாக முட்டை மாதிரி ஆயிடும். ஒரு நாள் கொக்கி பல்லைத் தாண்டிப் போயிடும்."

"அதை விடும்மா," என்றார் கணவர். சுவரைக் காட்டினார். "பேப்பர் இருக்கில்ல? நாளைக்கே நோட்டீஸ் விடு. இந்த மாசம் ஆர்டர் குடுத்த மூணு கடைக்காரனும் ஏன் பதுங்கறான்னு இப்பத்தானே புரியுது. நான் இதை நம்பி ரிப்பேர் வேலையெல்லாம் அடுத்தவனுக்குத் தள்ளிவிட்டுட்டு லேத் இறக்கி வச்சிருக்கேன்."

மூலையில், இரும்பைக் கடைகிற அந்த லேத் மெஷின் சாக்குப் போர்த்திக்கொண்டு, வந்த இடத்தில் வேலை கிடைக்காத விருந்தாளி மாதிரி நின்றது. வீடும் பட்டறையும் அவள் படிப்பும் அந்த ஒரு பெட்டியின் மேல்தான் ஓடிக்கொண்டிருந்தன.

"இன்னிக்கு கிளாஸ்ல ஆளுக்கொரு காப்புரிமை கொண்டு வரச் சொல்லியிருக்காங்க. நம்மளதைக் கொண்டு போறேன். சார் வாயால ரெண்டு வார்த்தை கேட்டுட்டு வந்து, நாளைக்கு நோட்டீஸ் எழுதிடலாம்."

"கேளு, கேளு," என்றாள் மாமியார். "ஆனா அவன் எப்படித் தப்பிக்கலாம்னு கேட்டுட்டு வந்துடாதே. எப்படி மாட்டலாம்னு கேளு."

*

பேராசிரியர் பகலில் நீதிமன்றத்துக்குப் போகிறவர். மாலையில் அந்தக் களைப்போடு வகுப்புக்கு வருவார். நாற்காலியில் உட்கார மாட்டார், அதை இழுத்துப் போட்டு ஒரு காலை ஊன்றிக்கொண்டு பேசுவார். போன வாரம் அந்த நாற்காலியையே வீட்டுப்பாடமாகக் கொடுத்திருந்தார். உலகத்தில் இதுவரை நாற்காலியே கிடையாது, நீங்கள்தான் கண்டுபிடித்தீர்கள், உரிமை கோரி எழுதுங்கள் என்று.

"நம்ம இன்ஜினியரம்மா என்ன எழுதியிருக்காங்கன்னு கேளுங்க," என்று அவள் தாளை எடுத்தார். "நான்கு கால்கள். ஒரே உயரம். தரையிலிருந்து இத்தனை அங்குலம். முதுகு சாய இத்தனை பாகை. படிக்கும்போதே எனக்கு உட்காரணும் போல இருந்தது. பிரமாதமான நாற்காலி. நாளைக்கு நான் மூணு கால்ல ஒண்ணு செஞ்சு இவங்க வீட்டு வாசல்லயே விப்பேன்."

வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்து வைத்தாள்.

"மூணு கால் ஆடுமே சார்," என்றாள்.

"மூணு கால் ஆடாதும்மா, அது உங்களுக்கே தெரியும். நாலு கால்தான் ஆடும். ஆனா ஆடினா என்ன? ஆடற நாற்காலியை விக்கக் கூடாதுன்னு காப்புரிமைச் சட்டத்துல எங்க இருக்கு? நீங்க சாமானை எழுதறீங்க. நான் வேலியை எழுதச் சொல்றேன்."

அதன்பிறகு அவரவர் கொண்டுவந்ததைப் பிரித்தார்கள். வேலியில் ஓட்டை எங்கே என்று மற்றவர்கள் தேட வேண்டும், அதுதான் விளையாட்டு. அவள் தன்னுடையதைக் கொடுத்தாள். தன்னுடையது என்று சொல்லவில்லை, ஆனால் முதல் பக்கத்தில் பெயர் இருந்தது, எல்லோரும் பார்த்தார்கள். பக்கத்து பெஞ்சில் மாத்திரைக் கம்பெனியில் வேலை பார்க்கிற ஒருத்தி உண்டு. மருந்துக்காரி என்று அழைப்பார்கள். அவள் கையில் அது போய்ச் சேர்ந்தது. நகத்தைக் கடித்துக்கொண்டே படித்தாள். ஒரு டீ ஆறுகிற நேரம்கூட ஆகியிருக்காது.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க கேட்டிருக்கிறதே ரெண்டு கொக்கிக்குத்தான். எதிரெதிரா வச்ச ரெண்டு கொக்கி. ஒருத்தன் ஒண்ணு வச்சா?"

"ஒண்ணு வச்சாலும் அதே தத்துவம்தானே. அதே வேலையை அதே மாதிரிதானே செய்யுது. அதுவும் இதுக்குச் சமம்னு வாதாடலாம்ல?"

"வாதாடலாம். நானும் அப்படித்தான் நினைச்சேன். அதுக்குள்ள ஆறாம் பக்கம் வந்துடுச்சு." மருந்துக்காரி படிக்கத் தயங்கினாள். பிறகு படித்தாள். "'ஒற்றைக் கொக்கி முயன்று பார்க்கப்பட்டது. அச்சின் மேல் ஒருபக்கச் சுமை விழுவதால் அது இந்தக் கருவிக்கு உகந்ததன்று, எனவே கைவிடப்பட்டது.' ஏங்க்கா இதைப் போய் எழுதினீங்க?"

ஏன் எழுதினாள்? லிஃப்ட் கம்பெனியில் எந்த அறிக்கையானாலும் கடைசிப் பகுதி அதுதான். எதையெல்லாம் செய்து பார்த்தோம், எது எதனால் தோற்றது. அதை எழுதாமல் கையெழுத்துப் போட்டால் மேலதிகாரி முகத்தில் விட்டெறிவார். அடுத்து வருகிறவன் அதே தப்பைச் செய்து ஆள் செத்துவிடக் கூடாது என்பதற்கான முறை அது. கை பழகிவிட்டது. பழகிய கை தன்னாலேயே எழுதிவிட்டது.

"எங்க கம்பெனியில ஒரு மருந்து கண்டுபிடிச்சா," என்றாள் மருந்துக்காரி, "அதோட அண்ணன் தம்பி, ஒண்ணுவிட்ட சித்தப்பா வரைக்கும் சேத்து எங்களுதுன்னு எழுதிடுவோம். அதுல பாதி வேலை செய்யுமான்னு எங்களுக்கே தெரியாது."

பேராசிரியர் தாளை வாங்கிப் பார்த்தார். கிண்டல் செய்வார் என்று அவள் தயாராக இருந்தாள். அவர் செய்யவில்லை.

"இதை யாராவது ஒத்தக் கொக்கியோட செய்யறாங்களா?"

"ஆமா சார். எங்க தெருவுலயே."

"நீங்களே ஒதுக்கின சாமானை அப்புறம் என்னோடதுன்னு கேக்க முடியாதும்மா. கோர்ட்ல அவன் வக்கீல் வேற எதுவும் பேச வேண்டாம், இந்த ஒரு வரியைப் படிச்சுட்டு உட்காந்துடுவான்."

"திருத்தி எழுதிக் குடுக்கலாமா?"

"வாங்கின பிறகு வேலியைச் சுருக்கலாம். அகட்ட முடியாது."

விலை கேட்கிறவன் வாயைத் திறக்கும் முன்னாலேயே கடைசி விலையைச் சொல்லிவிட்டு, சொன்னதோடு நில்லாமல் சாமானில் உள்ள சொத்தைகளையும் விரல் விட்டு எண்ணிக் காட்டியவள் போல இருந்தது அவளுக்கு. கடைத்தெருவில் குடித்தனம் இருந்துகொண்டு இதைச் செய்தோமே என்று வீட்டுக்கு வருகிற பஸ்ஸில் தன்னைத்தானே திட்டிக்கொண்டு வந்தாள். ஜன்னல் ஒழுகிற்று. பக்கத்தில் இருந்தவர் எழுந்து நின்றுகொண்டார். அவள் நனைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள்.

*

சோறும் பருப்பும் முட்டைப் பொரியலும் வைத்து முடித்த கையோடு சொல்லிவிட்டாள். ஒளித்து வைத்துப் பழக்கமில்லை, அதுதானே வினையே.

கணவர் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டார். "கொஞ்சம் இரு. அவன் நம்ம பெட்டியைப் பாத்துத்தான் செஞ்சான்."

"ஆமா."

"அது எல்லாருக்கும் தெரியும்."

"தெரியும்."

"ஆனா அவன் மேல கேஸ் இல்ல."

"அவன் ரெண்டு கொக்கி வச்சிருந்தா இருக்கும்."

மாமியார் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தினாள். "அப்போ உன் சட்டப்படி, நல்லா காப்பி அடிச்சா குத்தம். மட்டமா காப்பி அடிச்சா குத்தமில்ல."

"அப்படி இல்ல அத்தை..." என்று தொடங்கினாள். சட்டம் அப்படியேதான் இருந்தது. இரண்டு வருஷம் படித்ததை மாமியார் ஒரு வாய்ச் சோற்றுக்குள் சுருக்கிவிட்டாள்.

"இதைப் படிக்கவா வேலையை விட்டே?"

"அம்மா," என்றார் கணவர்.

"நான் ஒண்ணும் சொல்லல. படிக்கிற பிள்ளையைக் கேள்வி கேட்டேன். கேக்கக் கூடாதா?"

"நீங்க ஏன் எழுதினேன்னு கேளுங்க, பதில் சொல்றேன். எழுதினது பொய் இல்ல. ஒத்தக் கொக்கி வேலைக்கு ஆகாது."

"யாரு இல்லைன்னா? நான் துணி விக்கிறேன்னு வச்சுக்க. சாயம் போகுமான்னு கேட்டா 'போகாது'ன்னு பொய் சொல்லச் சொல்லல. கேக்காதப்போ ஏன் சொல்றே?"

கணவர் எழுந்து கை கழுவிவிட்டு வந்து சுவரில் சாய்ந்துகொண்டார். வளைந்த விரலை மற்றக் கையால் நீவிவிட்டுக்கொண்டே இருந்தார். யோசனை வந்தால் அப்படிச் செய்வார். கீழே பட்டறைக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"அந்த ஆறாம் பக்கத்தை அவன் படிச்சிருப்பானா?" என்றார்.

"எங்க படிச்சிருக்கப் போறான்? இரும்பை மிச்சம் பிடிக்கத்தான் ஒண்ணைக் குறைச்சிருப்பான்," என்றாள் மாமியார். அவள் குரல் மாறிவிட்டது. கடைக்குள் காலெடுத்து வைக்கும்போது வருகிற குரல் அது. "அவனுக்குத் தெரியாதது நமக்கும் தெரியாது. நாளைக்கு மூணு பேரும் போவோம். நோட்டீஸும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். காப்புரிமைப் பேப்பரை எடுத்துக்கோ. பேச்சு என்னோடது. நீ வக்கீலம்மா மாதிரி உட்காரு, போதும்."

"பொய் சொல்ல மாட்டேன் அத்தை."

"உன்னை யாரு பேசவே சொன்னது? வாயைத் திறக்காம இரு. அது ஒண்ணுதான் உன் வேலை."

வாயைத் திறக்காமல் இருப்பது ஒரு வேலையா என்று அவளுக்குத் தோன்றியது. தலையாட்டிவிட்டாள்.

*

இரும்புக்கடை முக்கில் இருந்தது. உள்ளே போனதும் துருவும் சாக்கும் கலந்த வாசம். ஆணிகள் அளவுவாரியாகத் தட்டுகளில் கிடந்தன. கம்பிச் சுருள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஆள் உயரத்துக்கு நின்றன. வெளிச்சத்துக்காகத் தராசை வாசலிலேயே, ஷட்டருக்கு நேர் கீழே போட்டிருந்தார்கள். எடைக்காரர் அங்கே ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்து ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். வருஷக்கணக்காக அதே பெட்டி, அதே இடம்.

கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டு எழுந்து நின்றார். எதிரி வீட்டுக்காரர்களைப் பார்த்தால் இவ்வளவு சந்தோஷப்படுகிற மனிதரை வேறெங்கும் பார்க்க முடியாது.

"வாங்கம்மா. தம்பி, வா. வக்கீலம்மாவுமா? டேய், நாலு டீ சொல்லு. பிஸ்கட்டு நல்லதா வாங்கு."

"டீயெல்லாம் எதுக்கு," என்றாள் மாமியார், ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு. "கோர்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடி முகத்தைப் பாத்துட்டுப் போயிடலாம்னு வந்தோம். இத்தனை வருஷப் பழக்கம்."

"கோர்ட்டா? யாரு மேல?"

"பக்கத்துல அடுக்கி வச்சிருக்கீங்களே, அது மேல."

கடைக்காரர் திரும்பிப் பெட்டிகளைப் பார்த்தார், அவை அங்கே இருப்பதை அப்போதுதான் கண்டவர் போல. "இதா? இது நான் செஞ்சதா? எவனோ கொண்டாந்து போட்டான். வாங்கி விக்கிறேன்."

"வாங்கி வித்தாலும் குத்தம்னு இவ படிக்கிற புஸ்தகத்துல இருக்கு. இருக்கில்ல?"

பொதுவாகப் பார்த்தால் அது உண்மைதான். அவள் தலையாட்டினாள். மடியில் கோப்பு கனத்தது.

பேரம் பேசுவதில் மாமியாருக்குத் தனி நடை. குரல் ஏறாது. முதலில் கடையை மூட வேண்டி வரும் என்றாள். பிறகு, அப்படி ஆகிவிட்டால் அவர் மகள் கல்யாணத்துக்கு எந்த முகத்தோடு வருவது என்று வருத்தப்பட்டாள். பிறகு இருக்கிற சரக்கையெல்லாம் உடைத்துப் போடச் சொல்லுவார்களாமே என்று மகனைப் பார்த்துக் கேட்டாள். மகன் "சொல்லுவாங்க" என்றார். கடைக்காரர் பிஸ்கட்டைப் பாதி கடித்துவிட்டு மீதியைக் கையிலேயே வைத்திருந்தார்.

"நான் என்ன செய்யணும்னு சொல்றீங்க?"

"சரக்கை வந்த இடத்துக்கே அனுப்பிடுங்க. இனிமே எங்க பெட்டியை நீங்களே வாங்கி வையுங்க. இந்தத் தெருவுல வேற எவனுக்கும் குடுக்க மாட்டோம். உங்களுக்கு மட்டும்."

கணவர் டீயை மெதுவாக உறிஞ்சினார். கடைக்காரர் கண்ணாடியை நெற்றியிலிருந்து எடுத்துத் துடைத்தார். மறுபடி நெற்றியிலேயே ஏற்றிவிட்டார்.

"எனக்கு மட்டும்னா... விலையில என்ன கழிவு குடுப்பீங்க?"

மாமியார் முந்தானையைச் சரி செய்துகொண்டாள். மீன் தூண்டிலைக் கவ்விவிட்டது.

அந்த நேரத்தில் பார்த்து மழை சாய்ந்து அடித்தது. தண்ணீர் தராசு வரைக்கும் வந்தது. "டேய், ஷட்டரைப் பாதி இறக்கு" என்றார் கடைக்காரர். கடைப் பையன் ஒருத்தன் கொக்கிக் கம்பால் இழுத்தான். கதவு இறங்கியது. அச்சுப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. டக் இல்லை. க்ரக், க்ரக் என்று எலும்பில் எலும்பு உரசுகிற மாதிரி. அவள் நிமிர்ந்து பார்த்தாள். அங்கே அந்தக் கடையில் விற்கிற ஒற்றைக் கொக்கிப் பெட்டியே மாட்டியிருந்தது. அச்சு ஓட்டை ஒரு பக்கமாக இழுபட்டு, பளபளவென்று தேய்ந்து, நீள்வட்டமாகி இருந்தது. ஆறாம் பக்கத்தில் அவள் எழுதியது அப்படியே கண் முன்னால் தொங்கியது. அதற்கு நேர் கீழே எடைக்காரர் குனிந்து ஆணி அள்ளிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அந்தப் பெட்டியை எப்ப மாட்டினீங்க?" என்றாள்.

மாமியாரின் முழங்கை அவள் இடுப்பில் இறங்கியது.

"போன வெயில் காலத்துல. ஏன்?"

"எடைக்காரரை அங்கேருந்து எழுந்திரிக்கச் சொல்லுங்க."

"மழை உள்ள வராதும்மா, அவர் உட்காரட்டும்."

"மழைக்குச் சொல்லல. எழுந்திரிக்கச் சொல்லுங்க. அந்த ஸ்பிரிங் உடைஞ்சா அந்தக் கொக்கி பிடிக்காது. ஓட்டை தேஞ்சு போச்சு. ஒத்தக் கொக்கியை வச்சா அப்படித்தான் தேயும்."

எடைக்காரர் மேலே பார்த்தார். மரப்பெட்டியோடு இரண்டடி தள்ளி உட்கார்ந்துகொண்டார். கடைக்காரரும் மேலே பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். பயந்த முகம் மெல்ல மெல்ல வியாபார முகமாக மாறுவதை அவள் கண்ணாலேயே கண்டாள்.

"ஒத்தக் கொக்கியா? அப்ப உங்களோடது?"

ஆணித் தட்டில் தண்ணீர் சொட்டிற்று.

"உங்களோடது ரெண்டா?" கடைக்காரர் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். "அப்ப இது வேற, அது வேறதானே? அந்தப் பேப்பரைக் கொஞ்சம் குடுங்கம்மா. பாத்துட்டுத் தர்றேன்."

கொடுக்க முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் காப்புரிமை என்பதே ஊர் அறிய எழுதி வைப்பது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அந்தச் சட்டத்தைப் படித்தவளும் அவள்தான். கொடுத்தாள். கடைக்காரர் ஒவ்வொரு பக்கமாக, எச்சில் தொட்டுப் புரட்டினார். ஆறாம் பக்கத்தில் நின்றார். உதடு அசைந்தது. படித்து முடித்துவிட்டு, மூடி, இரண்டு கையாலும் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

"ரொம்ப நேர்மையா எழுதியிருக்கீங்க தங்கச்சி," என்றார்.

*

தெருவில் இறங்கி மூன்று பேரும் இரண்டு குடைக்குள் நடந்தார்கள்.

"கழிவு கேட்டான்," என்றாள் மாமியார், எதிரே பார்த்தபடி. "கழிவு கேட்டவன் பாதி படிஞ்சவன். இன்னும் ரெண்டு வாய் டீ. அதுக்குள்ள உனக்கு என்ன அவசரம்?"

"அவர் தலைக்கு மேல தொங்கிச்சு அத்தை."

"இத்தனை மாசமா தொங்கிச்சு. இன்னும் ரெண்டு வாய் டீக்குத் தொங்காதா?"

கணவர் திட்டியிருந்தால் தேவலை. குடையை அவள் பக்கமாகச் சாய்த்துப் பிடித்திருந்தார். அவருடைய தோள் நனைந்துகொண்டு வந்தது. அது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கோபப்பட வேண்டியவர்கள் கோபப்படவில்லை என்றால் அந்தக் கோபத்தையும் நாமே படவேண்டி இருக்கிறது.

"லேத்தைக் கேட்டு ஒருத்தன் வந்தான்," என்றார், வீட்டு வாசலில். "அவனை வரச் சொல்லட்டுமா?"

அவள் பதில் சொல்வதற்குள் பின்னால் தண்ணீரைச் சப்பென்று மிதித்துக்கொண்டு யாரோ வந்தார்கள். இரும்புக்கடை எடைக்காரர். தலையில் சாக்கு.

"முதலாளி சொல்லிவிட்டார். நம்ம கடைக்கு உங்க பெட்டி ஒண்ணு வேணுமாம். ரெண்டு கொக்கி வச்சது. காலையிலயே வந்து மாட்டணுமாம்." சற்று நின்று, தரையைப் பார்த்துக்கொண்டு மீதியையும் சொன்னார். "தெரிஞ்ச கடைதானே, கொஞ்சம் பாத்துப் போட்டுக் குடுக்கச் சொன்னார்."

மாமியார் வாயைத் திறந்தாள். வந்தது சிரிப்பா வேறு எதுவுமா என்று தெரியாத ஒரு சத்தம்.

"அவன் கடைக்கு நம்மது. ஊருக்கு அவனோடது. போய்ச் சொல்லுப்பா, பெட்டியும் கிடையாது, ஒண்ணும் கிடையாதுன்னு."

"குடுப்போம் அத்தை," என்றாள் அவள். "கீழ உட்காரப் போறது இவர்தான்."

"விலை குறையாது."

"குறைக்க வேண்டாம்."

*

காலையில் மழை விட்டிருந்தது. கணவர் வேறொரு கடையில் பழைய ரிப்பேர் வேலை ஒன்றை மறுபடி கேட்டு வாங்கப் போயிருந்ததால் அவளே ஏணியைத் தூக்கிக்கொண்டு போனாள். தேய்ந்த பெட்டியைக் கழற்றித் தன்னுடையதை மாட்டினாள். கீழே கடைக்காரர் வியாபாரத்தில் இருந்தார். புதிதாகப் பாத்திரக்கடை வைக்கப்போகிற ஒருவர் ஷட்டருக்குச் சாமான் வாங்க வந்திருந்தார். அவர் கையில் ஒற்றைக் கொக்கிப் பெட்டி.

"அதே சாமான்தாங்க. விலைதான் கம்மி," என்று கடைக்காரர் சொல்வது ஏணி உச்சிவரை கேட்டது.

நெஞ்சுக்குழியில் ஒரு வரி கிளம்பி, தொண்டையைத் தாண்டி, நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆறாம் பக்கம், முழுதாக. அவள் பழைய பெட்டியின் திருகாணி ஒன்றைப் பல்லில் கடித்துக்கொண்டாள்.

மாட்டி முடித்தால் விட்டுப் பார்க்க வேண்டும். லிஃப்ட் கம்பெனியில் அது விதி. அவள் வீட்டிலும் அதுவே விதி. எல்லோரையும் கையசைத்துத் தள்ளி நிற்க வைத்து, ஸ்பிரிங்கை அச்சிலிருந்து விடுவித்தாள். கதவு ஒரு கணம் யோசித்தது. பிறகு தெருவே திரும்பிப் பார்க்கிற இரைச்சலோடு இறங்கியது.

டக்.

தராசுக்கு மேலே, ஒரு ஆள் தலைக்கும் மேலே, நின்றுவிட்டது. ஆணித் தட்டுகள் மட்டும் கொஞ்ச நேரம் அதிர்ந்துகொண்டிருந்தன. எடைக்காரர் எழுந்து வந்து, நின்ற கதவின் விளிம்பைக் கையால் தொட்டுப் பார்த்தார். தன் மரப்பெட்டியை எடுத்துப் பழைய இடத்தில் போட்டு உட்கார்ந்தார்.

பாத்திரக்கடைக்காரர் கதவைப் பார்த்தார். கையில் இருந்த பெட்டியைப் பார்த்தார். ஏணியின் மேல் நிற்பவளைப் பார்த்தார்.

"இதுவும் அதே சாமான்னு சொன்னீங்களே," என்றார் கடைக்காரரிடம்.

"அதேதாங்க."

"அப்ப இதையும் மாட்டி ஒரு தடவை விட்டுக் காட்டுங்க." பெட்டியைக் கடைக்காரரிடம் நீட்டினார். "நீங்க கீழ நில்லுங்க. நான் பாத்துக்கறேன்."

கடைக்காரர் சிரித்தார். வெளியே வானத்தைப் பார்த்தார், மேகம் இல்லை. மூக்குக்கண்ணாடியைத் தேடி மூக்கைத் தடவினார். அது நெற்றியில் இருந்தது. கடைசியில் ஏணியை நிமிர்ந்து பார்த்தார், ஏதாவது சொல்லித் தொலையேன் என்பது போல.

அவள் திருகாணியைப் பல்லிலிருந்து எடுத்தாள். ஏணியில் இரண்டு படி இறங்கி, திருப்புளியின் கைப்பிடி கடைக்காரர் பக்கம் இருக்கும்படி நீட்டினாள்.